பாலும் பந்தும்: நெகிரி செம்பிலான் தோட்டங்களும் குழிப்பந்தாட்டத் திடல்களும்

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதுவோர் லயன் வீடு, பிரட்டுக் களம், கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை ஆகியவற்றையே தம் சான்றிடங்களாகக் கொள்வது வழக்கம். துரைமாரின் பங்களாவும் அவர்கள் மாலையில் கூடிய கிளப்பும் அவ்வரலாற்றின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டுவிட்டன. இது ஒருவகையில் இயல்பே. அங்கே நம்மவர் உறுப்பினராக இருந்ததில்லை. எனவே அது நம் வரலாறு அன்று என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டது. ஆயினும் கோல்ஃப் எனப்படும் குழிப்பந்தாட்டத்தின் வரலாற்றைச் சற்று நெருங்கிப் பார்த்தால், அவ்விளையாட்டின் பந்து, அப்பந்து உருண்ட புல்வெளி, பின்னாளில் அப்புல்வெளியாக மாறிய நிலம் ஆகிய மூன்றிலும் தோட்டத் தமிழரின் உழைப்பு கலந்திருப்பது புலப்படும். இம்மூன்றையும் நெகிரி செம்பிலான் மாநிலத்தை மையமாக வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காப்பித் தோட்டத்தின் வழியே வந்த ஆட்டம்

மலாயாவின் தொடக்ககாலத் துரைமாரில் பலர் இலங்கையிலிருந்து வந்தவர்கள். 1869இல் அங்கே தோன்றிய இலைத்துரு நோய் காப்பிப் பயிரை அழிக்கத் தொடங்கியபின், புதிய நிலம் தேடிய தோட்டக்காரர்களின் கண் மலாய்த் தீபகற்பத்தின்மீது விழுந்தது. சுங்கை ஊஜோங் பகுதியில் லின்சும் தோட்டத்தைத் திறந்த ஹெஸ்லொப் ஹில் அவர்களுள் ஒருவர். சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைக்கும் இருப்புப்பாதை 1891இல் திறக்கப்பட்டது. 1895இல் சுங்கை ஊஜோங் நெகிரி செம்பிலானோடு சேர்க்கப்பட்டது. காப்பி விலை வீழ்ந்தபோது அதே நிலங்களில் ரப்பர் ஏறியது.

இலங்கையிலிருந்து வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. தமிழ்த் தொழிலாளரைக் கங்காணி வழியாகத் திரட்டும் முறையை அவர்கள் நன்கறிந்திருந்தனர். தோட்டக் கணக்குமுறை, பங்களா வாழ்க்கை, கிளப் ஆகியனவும் அவர்களோடு வந்தன. கொழும்பில் 1879இலேயே கோல்ஃப் கிளப் தோன்றி, காலிமுகத் திடலில் ஆட்டம் நடந்தது. 1889-90 அளவில் மலைநாட்டு நுவரெலியாவிலும் ஸ்காட்லாந்துப் படையினரால் திடல் அமைந்தது. இந்தியாவிலோ கல்கத்தாவில் 1829ஆம் ஆண்டே கிளப் உருவாகியிருந்தது. பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே மிகப் பழையது அதுவே. ஆக, மலாயாவுக்குக் கங்காணி வந்த வழியும் குழிப்பந்து வந்த வழியும் பெரும்பாலும் ஒன்றே எனலாம். கோலாலம்பூரில் 1893இல் சிலாங்கூர் கோல்ஃப் கிளப் தொடங்கப்பெற்றது. 1903இல் சிரம்பானுக்கும் கோலாலம்பூருக்கும் இரயில் தொடர்பு ஏற்பட்டபின், நெகிரி செம்பிலான் துரைமாருக்குத் தலைநகரத் திடலும் எட்டும் தொலைவிற்கு வந்தது.

பந்துக்குள் இருந்த மலாயா

இவ்விளையாட்டுக்கு மலாயா கடன்பட்டிருப்பதைவிட, மலாயாவுக்கு இவ்விளையாட்டுக் கடன்பட்டிருப்பதே அதிகம். இதனை விளையாட்டு வரலாற்றாசிரியர் அறிவர். தமிழ் வரலாற்றாசிரியர் பொருட்படுத்தியதில்லை.

பழங்காலத்தில் குழிப்பந்து என்பது தோலுறைக்குள் இறகுகளைத் திணித்துத் தைத்த உருண்டை. நனைந்தால் கெடும், விலையோ மிகுதி. 1843இல் சிங்கப்பூரிலிருந்து வில்லியம் மாண்ட்கோமரி என்னும் மருத்துவர் கட்டாபெர்ச்சா எனப்படும் மரப்பிசினின் மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பினார். மலாய்க்காரர்கள் கெத்தா தாபான் என்றழைத்த இப்பிசின், வெந்நீரில் இளகி ஆறியபின் இறுகும் இயல்புடையது. சில ஆண்டுகளுக்குள், 1848ஐ ஒட்டி, ஸ்காட்லாந்தில் இதனால் பந்து செய்யப்பட்டது. மலிவும் உறுதியும் வாய்ந்த இப்பந்தே ஆட்டத்தை நடுத்தர மக்களிடம் கொண்டு சேர்த்தது. இதற்குரிய விலையை மலாய்க் காடுகள் செலுத்தின. ஒவ்வொரு மரத்தையும் வீழ்த்தியே பிசின் எடுத்தனர். கடலடித் தந்திக் கம்பிகளுக்கும் இதே பிசின் உறையாகத் தேவைப்பட்டமையால், 19ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் அம்மரங்கள் காடுகளில் அரிதாயின.

இரண்டாவது மாற்றம் 1898இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நிகழ்ந்தது. கோபர்ன் ஹாஸ்கெல் என்பவர் ரப்பர் இழையை இறுக்கமாகச் சுற்றிய உருண்டையின்மேல் பிசின் உறையிட்டுப் புதிய பந்தை உருவாக்கினார். 1899இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். 1902இல் ஹாய்லேக்கில் நடந்த பிரித்தானியத் திறந்த போட்டியில் அப்பந்தைக் கொண்டு சாண்டி ஹெர்ட் வென்றபின் பழைய பந்து மறைந்துபோயிற்று. அந்த ஆண்டில் ஹாஸ்கெல் பந்துக்குள் இருந்தது பிரேசில் காட்டு ரப்பரே என்பதை மறத்தலாகாது. மலாயாத் தோட்டங்கள் அப்போது இளங்கன்றுகளாகவே இருந்தன. ஆனால் 1913அளவில் உலகின் தோட்ட ரப்பர் உற்பத்தி காட்டு ரப்பரை விஞ்சியது. அதன்பின் உலகெங்கும் சுற்றப்பட்ட பந்து இழைகளில் மலாயாவின் பங்கும், அதன்வழித் தமிழரின் பங்கும் இருந்தன என்று கொள்வது மிகையன்று.

பந்து மாற்றிய திடல்

ரப்பர் இழைப் பந்து பழைய பந்தைவிட ஏறத்தாழ 20 கெஜம் கூடுதலாகச் சென்றது. பெரிய வேறுபாடன்று என்று தோன்றலாம். ஆனால் அந்த 20 கெஜம் அதுவரை அமைக்கப்பட்டிருந்த திடல்களின் கணக்கைக் குலைத்துவிட்டது.

பழைய திடல்களில் ஆடுபாதையின் முழு அகலத்துக்கும் குறுக்கே மணற்குழி வெட்டியிருப்பர். பந்தைத் தூக்கியடித்து அதனைத் தாண்ட வேண்டும். தவறினால் மணலில் விழ வேண்டும். இதனைத் தண்டனைமுறை அமைப்பு எனலாம். புதிய பந்து இக்குறுக்குக் குழிகளை எளிதாகத் தாண்டிப் பறந்தபோது அவை பொருளற்றவையாயின. அப்போதுதான் உத்திமுறை அமைப்பு என்னும் கோட்பாடு வலுப்பெற்றது. ஆடுபாதையை அகலமாக விட்டு, மணற்குழியை ஓரிடத்தில் மட்டும், ஆட்டக்காரரின் ஆசையைத் தூண்டும் இடத்தில் வைப்பதே அதன் சாரம். குழியை ஒட்டித் துணிந்து அடிப்பவருக்கு அடுத்த அடி எளிதாகும். அஞ்சி ஒதுங்குபவருக்குப் பாதை உண்டு. ஆனால் அடுத்த அடி கடினமாகும். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய திடலில் இயற்கையாகவே அமைந்திருந்த இப்பண்பினை 1903இல் ஜான் லோ எழுத்தில் வடித்தார். 1920இல் அலிஸ்டர் மெக்கென்ஸி தம் நூலில் விதிகளாகத் தொகுத்தார். 1901 முதல் சன்னிங்டேல் கிளப்பின் செயலாளராக இருந்த ஹாரி கோல்ட் அதனை நிலத்தில் செய்துகாட்டினார். கோலாலம்பூர்ப் பழைய திடலின் வடிவமும் 1930களின் தொடக்கத்தில் கோல்ட்டால் திருத்தப்பட்டது என்பது அக்கழகத்தின் மரபு. அவருடைய கூட்டாளியான சார்ல்ஸ் ஆலிசன் 1930-31இல் ஜப்பானில் திடல்களை வடிவமைத்துக்கொண்டிருந்தார். இக்கோட்பாடு ஆசியாவுக்கு வந்துசேர்ந்த காலம் அதுவே.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். உத்திமுறை என்பது கடற்கரை மணல்நிலத்தில் பிறந்த சிந்தனை. அங்கே பந்து விழுந்தபின் நெடுந்தூரம் உருளும். நிலத்தின் மேடுபள்ளம் அதனை அங்குமிங்கும் திருப்பும். மலாயாவின் செம்மண்ணில் அகன்ற இலைகொண்ட மாட்டுப்புல் அடர்ந்து வளர்கிறது. மழை பெய்த மாலையில் பந்து விழுந்த இடத்திலேயே புதைந்து நிற்கும். மணற்குழியில் நீர் தேங்கும். எனவே இங்குள்ள திடல்களில் மணற்குழியைவிடச் சரிவும் ஓடையும் பள்ளத்தாக்குமே ஆட்டக்காரரின் முடிவைத் தீர்மானிக்கின்றன. ரந்தாவ், மந்தின், லாபு வட்டாரங்களின் அலையலையான குன்றுநிலம் இதற்கு வெகு பொருத்தமானது. அந்நிலம் அப்போது ரப்பரின்கீழ் இருந்தது.

ஒரு பந்தும் ஒரு நாட்கூலியும்

டன்லப் நிறுவனம் 1910ஐ ஒட்டி இரண்டு செயல்களைத் தொடங்கிற்று. ஒன்று, மலாயாவில் ரப்பர்த் தோட்டங்களை வாங்குவது. மற்றொன்று, குழிப்பந்து தயாரிப்பது. இவ்விரண்டையும் ஒரே கட்டுரையில் சேர்த்துப் பார்த்தவர் அரியர். நெகிரி செம்பிலானில் பகாவ் அருகிலுள்ள கெடிஸ் தோட்டம் அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற தோட்டங்களுள் ஒன்று. 1922 முதல் 1937 வரை நிறுவனத் தலைவராக இருந்த எரிக் கெடிஸின் பெயரை அது தாங்கியது. இதே கெடிஸ்தான் 1922இல் பிரித்தானிய அரசின் செலவினங்களை வெட்டித்தள்ளிய குழுவின் தலைவர். ‘கெடிஸ் கோடரி’ என்று அந்நாட்டு ஏடுகள் அவ்வெட்டினை ஏளனம் செய்தன. பகாவ் தமிழர்களின் நாவில் அவர் பெயர் ஊர்ப்பெயராக நிலைத்துவிட்டது.

எந்தப் பந்துக்குள் எந்தத் தோட்டத்துப் பால் இருந்தது என்று பிரித்துரைத்தல் இயலாது. ஆலைக்குள் சென்ற பாலுக்கு ஊர்ப்பெயர் இல்லை. ஆயினும் விலையை ஒப்பிடுதல் இயலும். 1920களின் இறுதியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் அளவுகோல் ஊதியமாக ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் வகுக்கப்பட்டிருந்தன. உலகப் பொருளாதாரச் சரிவைக் காரணங்காட்டி 1930இல் இது 40, 32 எனக் குறைக்கப்பட்டது. அக்காலத்தில் நீரிணைக் குடியேற்ற வெள்ளி ஒன்றுக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ் மாற்று விகிதம் இருந்தது. முதல்தரக் குழிப்பந்து ஒன்றின் விலை இங்கிலாந்தில் ஏறத்தாழ 2 ஷில்லிங். அதாவது சுமார் 86 காசு. பால்வெட்டும் ஆண் ஒருவர் இரண்டு நாளுக்கு மேலும், பெண் ஒருவர் இரண்டரை நாளுக்கு மேலும் உழைத்தாலன்றி ஒரு பந்தினை வாங்க இயலாது. சேற்றிலோ ஓடையிலோ விழுந்தால் அதனைத் தேடாமல் அடுத்ததை எடுத்து வைப்பது திடலின் வழக்கம்.

1910இல் இராத்தலுக்கு 12 ஷில்லிங்கைத் தாண்டிய ரப்பர் விலை, 1932இல் 2 பென்ஸுக்கும் கீழே இறங்கியது. 1930 முதல் 1932 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் தாயகத்துக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். 1934இல் பன்னாட்டு ரப்பர்க் கட்டுப்பாட்டு உடன்பாடு கையெழுத்தாயிற்று. அதே ஆண்டில் சாண்ட்விச் நகரில் நடந்த திறந்த போட்டியில் ஹென்றி காட்டன் ஒரு சுற்றை 65 அடிகளில் முடித்து வாகை சூடினார். அதன் நினைவாக டன்லப் தன் பந்துக்கு ‘டன்லப் 65’ என்று பெயரிட்டது. விளையாட்டு நூல்களில் 1934 அந்த 65ஆல் நினைவுகூரப்படுகிறது. நம் நூல்களில் கட்டுப்பாட்டு உடன்பாட்டால் நினைவுகூரப்படுகிறது. இரண்டும் ஒரே பொருளின் இரு முனைகள் என்பதே என் கருத்து.

பை சுமந்தவர்கள்

கிளப்புகள் ஐரோப்பியருக்குரியனவாக இருந்த காலத்தில் தமிழர் திடலுக்குள் நுழைந்த வழிகள் இரண்டு: புல்வெட்டு, பை சுமத்தல். விடியலில் பிரட்டு, நண்பகலில் பால் நிறுவை என்று தோட்டத்தின் நாள் அமைந்திருந்தது. துரைமாரின் ஆட்டமோ வெயில் தாழ்ந்தபின் தொடங்கும். பள்ளி முடிந்த சிறுவர்களுக்கு அது காசு கிடைக்கும் நேரம். கிளப்புகளின் வரலாற்று மலர்களைப் புரட்டினால் தலைவர்களின் பெயர்ப்பட்டியல் உண்டு, கோப்பைகளின் பட்டியல் உண்டு. பை சுமந்தவர்கள் குழுப்படத்தின் ஓரத்தில் பெயரின்றி நிற்கிறார்கள். தோட்டப்புற நாட்டார் பாடல்களில் துரையும் கங்காணியும் கிராணியும் வருகின்றனர். நான் கேட்டும் படித்தும் அறிந்த அளவில், துரையின் இந்த ஆட்டம் வரவில்லை. இருதரப்பு ஆவணங்களிலும் இவ்விடம் வெற்றிடமாகவே உள்ளது.

பை சுமந்தவர் ஆட்டக்காரராக மாறிய வரலாறு பிற நாடுகளில் ஓரளவு பதிவாகியுள்ளது. தென்னாப்பிரிக்க இந்தியரான பாப்வா சுசங்கர் சியூகோலம் பை சுமந்தே ஆட்டத்தைக் கற்றவர். 1959இல் டச்சுத் திறந்த போட்டியில் வென்றவர். 1963இல் டர்பன் கிளப்பில் நடந்த நட்டால் போட்டியிலும் வென்ற அவருக்கு, நிறவெறிச் சட்டங்களின் காரணமாகக் கட்டடத்துக்கு வெளியே, கொட்டும் மழையில் கோப்பை வழங்கப்பட்டது. மலேசியாவில் மாரிமுத்து ராமையா, பெரியசாமி குணசேகரன் ஆகியோர் தொழில்முறை ஆட்டக்காரர்களாகப் பெயர் பெற்றனர். அவர்களைப் பற்றி நம் இதழ்களில் விரிவான வாழ்க்கை வரலாறு வெளிவராதது ஒரு குறையே.

தோட்டமே திடலான காலம்

நாடு விடுதலை அடைந்ததையொட்டித் தொடங்கிய தோட்டத் துண்டாடல் தமிழர் வரலாற்றில் விரிவாகப் பேசப்பட்டுள்ளது. அதற்கு மாற்றாக 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் எழுந்ததையும் அறிவோம். துண்டாடலைக் கட்டுப்படுத்தத் தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ என்னும் பிரிவும் சேர்க்கப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் கத்ரி, டன்லப் போன்ற தோட்ட நிறுவனங்கள் மலேசியர் கைக்கு மாறின. உடைமையாளர் மாறியதால் லயன் வீட்டு வாழ்க்கை மாறிவிடவில்லை. 1990களில் வந்த மாற்றமே பெரிது. சிரம்பானைச் சுற்றியும் நீலாய், மந்தின், லாபு வட்டாரங்களிலும் தோட்ட நிலங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் குழிப்பந்தாட்டத் திடல்களாகவும் உருமாறின. 18 குழிகள் கொண்ட ஒரு திடலுக்கு ஏறத்தாழ 150 ஏக்கர் நிலம் வேண்டும். ஆசியாவெங்கும் திடல்கள் பெருகிய வேகத்தைக் கண்டு 1993 ஏப்ரல் 29ஆம் நாளை ‘கோல்ஃப் வேண்டா நாள்’ என அறிவித்த உலக இயக்கத்தில் பினாங்குச் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் பங்குகொண்டனர். அவர்களின் கவலை நீர், பூச்சிமருந்து, காடு ஆகியவற்றைப் பற்றியதாக இருந்தது. லயன் வீடு அப்பட்டியலில் பின்வரிசையிலேயே நின்றது.

வேலை இழந்தோருக்குச் சட்டம் அளித்தது என்ன? 1980ஆம் ஆண்டின் பணிநீக்க ஈட்டு விதிகளின்படி, ஐந்தாண்டுக்கு மேற்பட்ட சேவைக்கு ஆண்டொன்றுக்கு 20 நாள் ஊதியம். முப்பது ஆண்டு பால்வெட்டிய ஒருவருக்கு 600 நாள் கூலி. வேலையோடு வீடும் போயிற்று என்பதை அக்கணக்கு கருதுவதில்லை.

இங்கே மற்றொரு முரணையும் சுட்டுதல் வேண்டும். 1970களிலிருந்து செயற்கைப் பொருளால் ஆன திண்மப் பந்துகள் பரவத் தொடங்கின. 2000இல் வெளிவந்த புதுவகைப் பந்துக்குப்பின், இழை சுற்றிய பந்து தொழில்முறை ஆட்டத்திலிருந்தே மறைந்தது. மரத்துப் பால் பந்தைவிட்டு நீங்கிய அதே காலத்தில்தான் பால்மரம் நின்ற நிலம் திடலானது.

முனைவர் பட்ட ஆய்வுக்காக எடின்பரோவில் இருந்த ஆண்டுகளில் நான் இவ்வாட்டத்தைக் கற்றேன். அந்நகரின் பிரண்ட்ஸ்ஃபீல்ட் பொதுத்திடலில் குறுந்தொலைவுக் குழிகளில் எவரும் ஆடலாம். செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய திடலோ ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டமின்றி ஊர்மக்கள் உலவும் பூங்காவாகிவிடும். நாய்களோடும் குழந்தைகளோடும் மக்கள் அம்மணற்குழிகளைச் சுற்றி நடப்பதைக் கண்டவனுக்கு, நாடு திரும்பியபின் காவற்சாவடியைத் தாண்டித் திடலுக்குள் செல்வது விந்தையாகவே இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் நெகிரி செம்பிலானில் தோட்டமாக இருந்து திடலான ஓரிடத்தில் நண்பர் ஒருவரின் விருந்தினனாக ஆடினேன். ஒரு குழி நினைவில் நிற்கிறது. ஆடுபாதை இடப்பக்கம் வளைகிறது. வளைவின் உட்புறத்தில் ஓடை. ஓடையை ஒட்டி அடித்தால் குழிமேடை நேரெதிரே திறந்து கிடக்கும். வலப்பக்கம் பாதுகாப்பானது, ஆனால் அங்கிருந்து மணற்குழியைத் தாண்டியே மேடையை அடைய வேண்டும். உத்திமுறையின் பாடநூல் எடுத்துக்காட்டு எனலாம். நான் வலப்பக்கம் அடித்தேன். பந்தைத் தேடிச் சரிவில் ஏறியபோதுதான் புல்லுக்கடியில் படிப்படியாக இறங்கும் வரப்புகள் காலில் தட்டுப்பட்டன. ரப்பர் நடுவதற்காக வெட்டிய பழைய படிக்கட்டுத் தளங்கள். வடிவமைப்பாளர் அவற்றை முழுதும் நிரவாமல் விட்டிருந்தார். ஆட்டக்காரருக்கு அச்சரிவில் வழியைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருந்தது. அங்கே பால்வெட்டியவருக்கு நிரையைப் பிரட்டில் கங்காணி பிரித்துக் கொடுத்தார்.

சரிவின் ஓரத்தில் புல்வெட்டும் பொறியை நிறுத்திவிட்டு நின்றிருந்த அம்மையார் அத்தோட்டத்திலேயே பிறந்து, அங்கேயே பால்வெட்டியவர். தம் நிரை ஓடைக்கு மேற்கே தொடங்கிக் குழிமேடை இருக்கும் இடத்தில் முடிந்தது என்று கைநீட்டிக் காட்டினார். என் பந்து அவர் காலடியில் கிடந்தது. எடுத்துத் துடைத்துக் கொடுத்தவர் கேட்டார்: “இதுக்குள்ள நம்ம பாலுதான் இருக்கும்னு எங்கப்பா சொல்வாரு, சார். நெசமா?”

“அந்தக் காலத்துப் பந்துல இருந்துச்சும்மா. இப்ப இல்லை.”

அவர் தலையசைத்தார். “சரி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். பின்னால வர்றவங்க அடிக்கப் போறாங்க.”